சுத்தம் ரத்தத்தில் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியரின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் எழுத்தில் தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: “சுத்தம் ஜப்பானியரின் ரத்தத்திலேயே ஊறியது, அதனால்தான் அங்கே குப்பைத்தொட்டிகூடத் தேவைப்படுவதில்லை.” அதற்குமேல் என்னால் மனம் ஒன்றிப் படிக்க முடியவில்லை.

நான் யோகோஹாமாவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொட்டி விஷயம். 1995 மார்ச் 20 காலையில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற கும்பல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குப் பிறகுதான் நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகளை அகற்றினார்கள். பயந்துபோய் எடுத்தவை அவை. தேவைப்படாமல் எடுத்தவை அல்ல. இன்றைக்கும் குளிர்பான இயந்திரங்களுக்குப் பக்கத்தில் காலி பாட்டில் போட வைத்திருக்கும் பெட்டிகளில், அடுத்தவர்கள் காகிதக் கோப்பையும் சாப்பாட்டுப் பொட்டலமும் திணித்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

அப்புறம் ரத்தம். 1965 கோடையில் டோக்கியோவின் யுமெனோஷிமா குப்பைமேட்டிலிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி கோத்தோ வட்டாரத்து வீடுகளுக்குள் புகுந்தன. கடைசியில் மேட்டுக்கே தீ வைத்துத்தான் அடக்கினார்கள். 1971இல் டோக்கியோ ஆளுநர் மினோபெ ரியோகிச்சி ‘குப்பைப் போர்’ என்றே அறிவித்தார். சுகினாமி வட்டாரத்து மக்கள் தங்கள் பக்கம் எரிப்பு ஆலை வரக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் உங்கள் குப்பை எங்கள் பக்கமும் வரக் கூடாது என்று கோத்தோக்காரர்கள் லாரிகளை மறித்தார்கள். சுமிதா ஆறு நாற்றமெடுத்துக் கிடந்ததும், நெரிசலோடு அதுவும் சேர்ந்து அந்த ஆற்றங்கரையின் புகழ்பெற்ற வாணவேடிக்கை 1961க்குப் பிறகு நின்றுபோய் 1978இல்தான் திரும்பி வந்ததும் இதே ஜப்பானில்தான்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் இருந்த குப்பையை 2010க்குள் 30 சதவீதம் குறைப்பது என்று யோகோஹாமா நகராட்சி 2003இல் திட்டம் போட்டது. எதை எதோடு சேர்த்துப் போட வேண்டும் என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். 2005லேயே இலக்கை எட்டிவிட்டார்கள். அப்படியும் பிரிக்காமல் போடுகிறவர்களுக்கு 2008இல் 2,000 யென் அபராதம் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் ஊறியிருந்தால் அபராதம் எதற்கு?

எங்கள் தெருவில் குப்பை வைக்க ஒரு மூலை உண்டு. காலை எட்டு மணிக்குள் பையைக் கொண்டுபோய் வைத்து, காக்கை கிளறாமல் வலையை இழுத்து மூட வேண்டும். வண்டி வந்து போனதும் வலையை மடித்து, இடத்தைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது தெருச் சங்கத்து முறை. ‘பொறுப்பு’ என்று எழுதிய ஒரு சின்னப் பலகை வீட்டு வாசலில் தொங்கும். முறை முடிந்தால் அடுத்த வீட்டுக் கதவுக்குப் போய்விடும். போன குளிர்காலத்தில் கீழ்வீட்டுப் பையன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பாட்டிலையும் மீன் முள்ளையும் ஒரே பையில் கட்டி வைத்துவிட்டான். ஊழியர்கள் ‘எடுக்க முடியாது’ என்று ஒரு வில்லையை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பை அங்கேயே கிடந்தது. கடைசியில் அந்த வாரம் பலகை தொங்கிய வீட்டு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பையை அவிழ்த்தார். ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகி எடுத்து, மேலே சுற்றியிருந்த தாளை உரித்து, உள்ளே கழுவிப் பிரித்து வைத்தார். குனிந்த இடுப்பை நிமிர்த்த அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையை உங்கள் கட்டுரை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள் என்று எழுதியிருந்ததும் சரிதான். பழைய துண்டை மடித்துத் தைத்த தரைத்துணியை வீட்டிலிருந்துதான் கொடுத்தனுப்புகிறோம். ஆனால் பையன்கள் துடைப்பத்தைப் பேஸ்பால் மட்டையாகச் சுழற்றுவதும், ஆசிரியை வந்து சத்தம் போடுவதும் தினப்படி நடக்கிறவை. தினமும் சொல்லித்தான் பழக்குகிறார்கள்.

இது முதல் தடவையும் அல்ல, ஐயா. ரேடியோவைக் கேட்டுக்கொண்டே செய்யும் காலை உடற்பயிற்சியை ‘ஜப்பானின் தொன்மையான மரபு’ என்று முன்பு போட்டீர்கள். அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றைப் பார்த்து 1928இல் தொடங்கியது அது. நான்கு வட்டம் போட்டு நடுவில் ‘இகிகாய்’ (வாழ்வதற்கான பிடிப்பு) என்று எழுதிய படத்தை ஜப்பானிய ஞானம் என்று வெளியிட்டீர்கள். ஸ்பெயின்காரர் ஒருவருடைய படத்தில் 2014இல் ஓர் ஆங்கில வலைப்பதிவர் அந்தச் சொல்லைப் பொருத்தியதில் வந்தது அது. பெண்களுக்குத் தனி ரயில் பெட்டி விடுவதை ‘பெண்மைக்கு அவர்கள் தரும் மரியாதை’ என்றீர்கள். கூட்டத்தில் கை வைக்கிறவர்களின் தொல்லை தாங்காமல் வந்த பெட்டி அது. காலை நெரிசலில் அதில் ஏறிப் போகிறவள் நான். மரியாதை என்று படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போதும் எழுதினேன். என் கடிதம் இதழில் வரவும் இல்லை, எனக்குப் பதிலும் வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இந்த ஒரு வரி இவ்வளவு உறுத்துவதற்குக் காரணம் வேறு. ‘ரத்தம்’ என்ற பேச்சை நான் முதலில் கேட்டது உங்கள் பத்திரிகையில் இல்லை. இங்கே வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு தரகர் தொலைபேசியில் வீட்டுக்காரரோடு பேசிவிட்டு, மிகவும் பணிவாகத் தலை குனிந்து சொன்னார்: “மன்னிக்க வேண்டும், வெளிநாட்டவருக்குக் குப்பை பிரிக்க வராது என்று தயங்குகிறார்.” நாங்கள் இன்னும் ஒரு பையைக்கூடக் கட்டியிருக்கவில்லை. எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள் என்று, ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு என்று நீங்கள் பாராட்டுகிறீர்கள். நமக்குப் பிறவியிலேயே கிடையாது என்று அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார். இரண்டும் ஒரே பேச்சுதான், ஐயா. நம் மொழியில், நம் பத்திரிகையில், நம்மவர் கையாலேயே அது எழுதப்பட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று அந்தப் பலகை எங்கள் கதவிலும் முறைப்படி தொங்குகிறது. நானும் வலையை மடிக்கிறேன், இடத்தைக் கழுவுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு யாருடைய ரத்தமும் தேவைப்படவில்லை. சங்கத்தில் கொடுத்த படம் போட்ட அட்டையும், பக்கத்து வீட்டம்மாவின் பொறுமையும் போதுமாக இருந்தன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: தொட்டிகள் எடுக்கப்பட்டது 1995 தாக்குதலுக்குப் பிறகு என்றும், தெருவைச் சுத்தமாக வைத்திருப்பது குடியிருப்பவர்களின் முறைவேலை என்றும். இணையப் பதிப்பில் அந்த வாக்கியத்தை மாற்றிவிடுங்கள். முடிந்தால், ‘ஜப்பானியத் தெரு’ என்று அச்சிட்டிருக்கும் படத்தையும் ஒரு தடவை பாருங்கள். அதில் இருக்கும் கடைப் பலகைகள் சீன மொழியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
யோகோஹாமா