காலண்டரில் இருக்கும் அந்த நம்பரை அடித்துவிடுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
11-12-2005, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. கவரைப் பிரித்ததும் கடிதத்துக்கு முன்னால் கீழே விழுந்தது போன் பூத் அண்ணன் கிழித்துக் கொடுத்த பில்தான். மூன்று போன் கால், 412 ரூபாய். அப்பா அதில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தொகைக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கணக்குக்குக் கீழே போட்ட அதே கோடு. இரண்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கொள்கிறேன், முதலில் அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, தீபாவளியன்று உன்னிடம் பேசியது எந்தப் பெண்ணும் இல்லை. அது மெஷின். போனை எடுக்க ஆள் இல்லையென்றால் "இப்போது பேச முடியவில்லை, சேதி சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் ஒரு குரலைப் பதிந்து வைத்திருப்பார்கள். நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஏழு மணிக்குப் பூத்துக்குப் போயிருக்கிறீர்கள். இங்கே அப்போது ராத்திரி ஒன்றரை. "அந்நேரத்துக்கு உன் போனை எடுக்கிற பொண்ணு யாருடா" என்று தங்கச்சி செல்வியை விட்டு எழுத வைத்திருக்கிறாய். அவள் அந்த வரியை எழுதும்போது சிரித்தது கையெழுத்திலேயே தெரிகிறது.

நான் அக்டோபரிலிருந்து இரவு ஷிப்ட். போனை லாக்கரில் அணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேலை பழைய மாதிரி கணக்கு சம்பந்தப்பட்டதுதான். வருகிற பணத்தை வாங்கிப் போட்டு, விடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சுற்றிலும் கண்ணாடி போட்ட தனி அறை, குளிர் தெரியாது. பகலில் தூங்கிக்கொள்ளலாம். எனக்கு இதுதான் வசதியாக இருக்கிறது.

சரி, 412 ரூபாய்க்கு வருகிறேன்.

ஜூலை 7-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்ததை டிவியில் பார்த்துவிட்டு நீங்கள் பழைய வீட்டு நம்பருக்கே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள். நானோ ஜூனிலேயே அங்கிருந்து காலி செய்தாகிவிட்டது. எடுத்தவன் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். செல்போனில் யாருக்குமே லைன் கிடைக்கவில்லை. ஒயிட்சாப்பலிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு நடந்தே வந்து, காசு போடுகிற பெட்டியில் வரிசையில் நின்று, நான் உங்களைப் பிடிக்கும்போது அங்கே இரவு ஏழரை. அம்மா பேசவே இல்லை. அப்பாதான் "சரி, சரி, சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தீர்கள்.

அதற்கப்புறம்தான் காலண்டரில் இருக்கிற அந்த 070 நம்பரை வாங்கினேன். நான் எந்த வீட்டுக்கு மாறினாலும், எந்த சிம் போட்டாலும், அந்த ஒரே நம்பரை நீங்கள் வைத்துக்கொண்டால் போதும். கம்பெனிக்காரனிடம் "இனிமேல் இங்கே திருப்பிவிடு" என்று நான் சொல்லிவிட்டால், மணி அங்கே வந்து அடிக்கும். ஆயுளுக்கும் ஒரே நம்பர், இலவசம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. உண்மையாகவே என்னிடம் ஒரு காசுகூட வாங்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லால்குடிச் சந்தையில் ஒருத்தன் சும்மா ஒரு பொருளைக் கொடுத்தால் அப்பா அதை நான்கு முறை திருப்பிப் பார்ப்பீர்கள். நான் ஒரு முறைகூடத் திருப்பவில்லை.

விஷயத்தை எனக்கு விளக்கியது பக்கத்து வீட்டுக் கிழவர். போன கடிதத்தில் எழுதினேனே, தோட்டத்துக்கு வரும் நரியிடம் தினமும் குட் ஈவினிங் சொல்வாரே, அவர்தான். நரி நிஜ நரி அம்மா, இங்கே தெருநாய் கிடையாது, அதற்குப் பதில் நரி. டெலிபோன் தபால் இலாகாவின் கையில் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை கம்பத்திலும் எக்ஸ்சேஞ்சிலும் கிடந்தவர். வீட்டில் ஏழு பழைய போன்கள், விரலால் சுழற்றுகிற ரகம், கறுப்பு, பச்சை, தந்த நிறம் என்று வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒன்றுக்கும் லைன் கிடையாது.

உங்கள் பில்லைக் காட்டினேன். நம்பரைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். கவரின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினார். இந்த ஊரில் 077, 078, 079 என்று ஆரம்பித்தால் செல்போன். 076 என்றால் பேஜர். 070 என்றால் இரண்டும் இல்லை. அது ஆளோடு கூடவே சுற்றுகிற நம்பர். எல்லாம் 07 என்று தொடங்குவதால் பார்க்கிறவர்கள் செல்போன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் முன்னால் 00 44 சேர்த்து அந்த முதல் பூஜ்யத்தை விட்டுவிடுவதால், உங்களுக்கு 4470 என்றுதான் தெரியும், பூத் அண்ணனுக்கும் வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

சாதாரண வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாலே நிமிடத்துக்கு 50 பென்ஸ், அதாவது அரைப் பவுண்டு வரை போகுமாம். நம் காசில் நாற்பது ரூபாய். மாதக் கட்டணத்தோடு தருகிற இலவச நிமிடத்தில் இது சேராது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கூப்பிட்ட போன் காலை என் செல்லுக்குத் திருப்பிவிடுகிற செலவுக்குப் போகிறது. மீதி நம்பர் கொடுத்த கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கும். நம்பர் வைத்திருக்கிறவனுக்குச் செலவே இல்லை, கூப்பிடுகிறவன் தலையில்தான் எல்லாம். நம்மூரில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்கமிங் இலவசம் ஆனபோது தெருவே கொண்டாடியது நினைவிருக்கிறதா? இங்கே என் இன்கமிங்கை இலவசமாக்கியது நீங்கள்.

செல்வி சொன்ன மிஸ்டு கால் யோசனையும் இதில் பலிக்காது. செல் அணைந்திருந்தால் மணியே அடிக்காமல் நேராக மெஷின் எடுத்துவிடும். எடுத்த நொடியிலிருந்து பூத்தில் சிவப்பு எண் ஓட ஆரம்பித்துவிடும். அன்றைக்கு மூன்று தடவையும் அதுதான் நடந்திருக்கிறது. இதில் பித்தலாட்டக்காரர்களும் உண்டு. அறைத் தோழன் ஒருவனுக்கு 070-லிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. ஊரிலிருந்து யாரோ என்று திருப்பிக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அந்தச் சத்தமே பதிவு செய்து வைத்ததுதான், காசு ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கிழவர் அந்த நம்பரை முழுக்கத் திட்டவில்லை. குழாய் ரிப்பேர் செய்கிறவன், பேப்பரில் பழைய கார் விற்க விளம்பரம் கொடுக்கிறவன், இவர்களுக்கெல்லாம் சொந்த நம்பரைக் காட்டாமல் இருக்க அது உதவும் என்றார். அடிக்கிற புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கொடுக்க அப்படி ஒரு நம்பர் இருந்தால் நிம்மதி என்றார். "ஒளிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு நல்லது. நீ யாரிடமிருந்து ஒளிகிறாய்?" என்று கேட்டார். நான் டீ ஆறுகிறது என்றேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு அதிக எரிச்சல். இங்கே செல்போன் கம்பெனி மாறினாலும் பழைய நம்பரையே கொண்டுபோகலாமாம். 1999-லிருந்தே உண்டாம். சலுகைக்காக சிம் மாற்றி மாற்றி, அதை மறைக்க ஒரு நம்பர் வாங்கி, அதற்கு உங்களைக் காசு கட்ட வைத்திருக்கிறேன். அப்பா இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போன மாதம் கிழவருக்கு இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டிவியும் போனும் மாட்டியிருக்கிறார்கள். அவர் கட்டில் நம்பரும் 070-தான்! பகலில் கூப்பிட்டால் நிமிடத்துக்கு 49 பென்ஸ், சாயங்காலத்தில் 39. எடுத்ததும் ஒரு பதிவுக் குரல் பேசி முடிக்கும், அதற்கும் சேர்த்து. நாற்பது வருஷம் டெலிபோனில் உழைத்த மனுஷன் படுத்துக்கொண்டே கையை ஆட்டி, "கூப்பிடாதே, பஸ்ஸில் வா" என்றார். பஸ் போக வர 2 பவுண்டு 40. போனில் ஐந்து நிமிடம் பேசினால் 2 பவுண்டு 45. பஸ்ஸில் போனால் ஐந்து பென்ஸ் மிச்சம், ஒரு மணி நேரமும் உட்காரலாம். நான்கு முறை போனேன். அவரைப் பார்க்க வேறு யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. ஒரு தடவை ரசம் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இதை வைத்துப் பழைய வயரில் பிடித்த களிம்பைச் சுரண்டலாம் என்றார். ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே அம்மா. இந்தத் தெருவில் நம் சாமான் எல்லாம் கிடைக்கிறது. முருங்கைக்காய்கூட உண்டு, வாடி வரும், விலையைக் கேட்டுவிட்டு நான் வாசனை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பருப்பும் சோறும் நானே வைக்கிறேன். குளிரும் பரவாயில்லை. ஹீட்டர் போட்டால் தோல் வறண்டுபோகும் என்று நாங்கள் நான்கு பேரும் போடுவதில்லை. அப்பாவின் பழைய மப்ளரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். துவைக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

அந்த 412 ரூபாய் முழுக்க வீண் என்று நினைக்காதீர்கள். மெஷின் எடுத்தபின் நீங்கள் பேசியதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. காலை ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டேன். முதலில் சரவெடிச் சத்தம். அப்புறம் பூத் அண்ணன் "பேசுங்கம்மா, பேசுங்க, ஓடுது" என்கிறார். அம்மா அந்த இங்கிலீஷ்காரியிடம் மெதுவாகக் கேட்கிறாய்: "அம்மாடி, அவன் சாப்பிட்டானா? கேட்டுச் சொல்லேன்." அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும், பின்னால் செல்வி யாரையோ அதட்டுகிறாள், கட்.

சில நாளில் அது தானாக அழிந்துவிடுமாம். அழிவதற்கு முன்னால் ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி கொஞ்ச நாள் இருக்கும். ஐந்து தடவை அழுத்திவிட்டேன். சாப்பிட்டேன் அம்மா.

இனி முக்கியமான விஷயம். செல்வியின் ஜாதகத்தோடு கொடுக்கிற தாளில் "அண்ணன், லண்டன்" என்று போட்டு அந்த 070-ஐ அச்சடித்திருக்கிறீர்கள். சென்னை மாப்பிள்ளையின் சித்தப்பா குரோய்டனில் இருக்கிறாரே, அவர் தன் செல்லிலிருந்து என்னைக் கூப்பிட்டு இருபது நிமிடம் நன்றாகத்தான் பேசினார். பில் வந்ததும் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை நறுக்கென்று. பத்துப் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. பெண் வீட்டார் பேசுகிறவர்களிடமே காசு பார்க்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். நான் அடுத்த ஞாயிறு நேரில் போய் விளக்கிவிட்டு வருகிறேன். ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கிப் போகிறேன். அப்பா, நீங்களும் சென்னைக்கு ஒரு போன் போட்டு, நல்லவிதமாகச் சொல்லிவைத்தால் தேவலை. மீதித் தாள்களில் நம்பர் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, தனிச்சீட்டில் எழுதியிருக்கும் என் செல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். அதை இனி மாற்றமாட்டேன். காலண்டரிலும் அரிசி டின் மூடியிலும் இருக்கிற 070-க்கு யாரும் அடிக்க வேண்டாம், பேனாவால் அந்த நம்பரையே அடித்துவிடுங்கள்.

ஞாயிறுதோறும் நானே கூப்பிடுகிறேன். ஐந்து பவுண்டு கார்டு ஒன்று வாங்கிச் சுரண்டினால் கொஞ்ச நேரம் தாராளமாகப் பேசலாம். இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள், இப்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம். உங்களுக்கு இரவு ஏழரை.

திருச்சிக்குள் தண்ணீர் புகுந்ததைக் கடை டிவியில் காட்டினார்கள். நம் வாழை என்ன ஆயிற்று? நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். சொசைட்டிக் கடனுக்குத் தவணை கேட்கலாமா என்று அத்தை மாமாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் வளையல் வட்டிக்கு இந்த மாதம் பணம் ஒரு வாரம் தாமதமாக வரும், பேங்க் லீவு இருக்கிறது. பொங்கலுக்குள் கண்டிப்பாக வந்துவிடும்.

அன்புடன்,
குமார்

பி.கு.: பூத் அண்ணனிடம் அந்த 412 பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு விஷயம் சொல்லுங்கள்: 4470 என்று யார் போட வந்தாலும், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வாத்தியார் வீட்டுப் பையனும் இங்கே இதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறான்.