விருதுக் குழுவில் உட்காரப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முன்னாள் மாணவர் சங்கம் உன்னை விருதுக் குழுவுக்கு அமைப்பாளராகப் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மெஸ் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவன் தலையில்தான் ஊர் இந்த மாதிரி வேலையைக் கட்டும். ஜனவரி இரண்டாவது ஞாயிறு விழா, எட்டுப் பேருக்கு விருது, 'உனக்குத் தெரிந்த நல்ல பெயர் நாலைந்து அனுப்பு' என்று எழுதியிருக்கிறாய்.

பெயர் அனுப்ப மாட்டேன். நான் நாலு பெயர் சொல்வேன், செயலாளர் நாலு பெயர் சொல்வார், எட்டு முடிந்துவிடும். எட்டுமே பேப்பரில் வந்த பெயர்களாக இருக்கும். நம் கல்லூரி கௌரவிக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு குறையும் வராது. நீ தேட வேண்டியது யாரும் விண்ணப்பிக்காத ஆளை. அதற்கு நாள் வேண்டும், பழைய பதிவேடு வேண்டும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

முதலில் நாள். விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணு. ஜூலை முதல் தேதி அறிவிப்பு, ஆகஸ்ட் 15 வரை பரிந்துரைகள். செப்டம்பர் முழுக்கத் தேடலும் சரிபார்ப்பும். அக்டோபர் முதல் வாரம் மதிப்பெண், இரண்டாம் வாரம் கூட்டம், மாத முடிவுக்குள் விருதாளரிடமிருந்து எழுத்தில் சம்மதம். நவம்பரில் பாராட்டுரை. டிசம்பர் முதல் வாரத்திலேயே கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போனால் பள்ளி ஆண்டுவிழா ஆர்டர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எழுத்துப்பிழையோடு வரும் கேடயத்தைத் திருப்பிக்கூடக் கொடுக்க முடியாது. அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் கடைசி. பல சங்கங்களில் அழைப்பிதழைத்தான் முதலில் அடிக்கிறார்கள். சம்மதம் வராத ஆளின் பெயர் அதில் இருக்கும்.

அடுத்தது பிரிவு. தொழில் சாதனைக்கும் சமூகப் பணிக்கும் ஒரே தராசு போடாதே. போட்டால் தொழில்தான் ஜெயிக்கும். தலைமைப் பொறியாளர், துணைத் தலைவர், இயக்குநர் என்று பதவியைத் தாளில் எழுதிக் காட்டலாம். மலைக்கிராமத்தில் இருபது வருடமாகக் குடிநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு விசிட்டிங் கார்டே இருக்காது. ஆகவே இரண்டுக்கும் தனிப் படிவம், தனி மதிப்பெண், நாலு நாலு இடம். தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று விதியிலேயே எழுதி வை. எண்ணிக்கையை நிரப்ப ஒருவரைச் சேர்த்தால், அந்த ஒருவரை வைத்துத்தான் மற்ற ஏழு பேரையும் ஊர் அளக்கும்.

நன்கொடை கொடுத்தவர்களை இதற்குள் கொண்டுவராதே. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவருக்குக் கல்வெட்டு வை, நன்றி சொல்லி மாலை போடு, தனியாக ஒரு விருந்து கொடு. விருது மட்டும் வேண்டாம். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் 'அவர் எவ்வளவு கொடுத்தார்?' என்று விலை விசாரிக்கிற போன் வரும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும் பதவிக்காலத்தில் விருதுக்குத் தகுதியில்லை என்று எழுது. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

படிவத்தை இரண்டு பக்கத்துக்கு மேல் வைக்காதே. பத்ம விருதுக்கே பரிந்துரை விளக்கம் அதிகபட்சம் 800 சொல்தான் கேட்கிறார்கள். நமக்கு 300 போதும். கேள்விகள் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். என்ன செய்தார், எந்த ஊரில், எந்த வருடத்திலிருந்து, இப்போதும் நடக்கிறதா? அவர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது? போன் போட்டுக் கேட்க இரண்டு பேர்; அவர்கள் உறவினராகவோ அவரிடம் சம்பளம் வாங்குகிறவராகவோ இருக்கக் கூடாது. தனக்குத் தானே பரிந்துரைப்பதைத் தடுக்காதே. பத்ம விருதிலேயே அதற்கு இடமுண்டு. தேர்வாகாத நல்ல படிவத்தைக் குப்பையில் போடாமல் மூன்று வருடம் உயிரோடு வை. பரிந்துரைத்தவருக்கு அதை ஒரு வரியில் எழுதிப் போட்டால், அடுத்த முறை அவரே புதுத் தகவலோடு வருவார்.

இனி தேடல். கிண்டிப் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். அங்கே 1940களில் ஏ. லலிதா மின்பொறியியல் படித்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில். நாட்டின் முதல் பெண் பொறியாளர்கள் அவர்கள். சான்றிதழில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பின்னால் கல்கத்தாவில் இருந்துகொண்டு பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தும் பாதை வடிவமைப்பில் வேலை செய்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். கிண்டியில் படித்தவர்கள் என்றதும் நம் வாயில் இவர்கள் பெயரா முதலில் வருகிறது? அமுல் வர்கீஸ் குரியன் வருவார், கிரேஸி மோகன் வருவார். இருவரும் தகுதியானவர்கள்தான். ஆனால் வாயில் வருகிற பெயரை வைத்துப் பட்டியல் போட்டால், கையால் திருத்திய சான்றிதழை வாங்கிய அந்த மூன்று பேர் விட்டுப்போவார்கள்.

அதனால் அலுவலகத்தில் பழைய பெயர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. துறைவாரியாக, வருடவாரியாக உட்கார்ந்து படி. பெண்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவேட்டில் அப்பா இனிஷியல், இப்போது கணவர் பெயர். இணையத்தில் பழைய பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. அதே செட்டில் படித்த இன்னொரு பெண்ணைப் பிடித்தால்தான் விலாசம் கிடைக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பிரதிநிதி வைத்து, 'உங்கள் செட்டில் யாரை ரொம்ப நாளாகக் காணோம்?' என்று கேள். 'யார் பெரிய ஆளாக இருக்கிறார்கள்?' என்று கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே மாலை போட்டுக்கொண்டவர்கள்தான் வருவார்கள். காணாமல் போனவர்களில் பாதிப் பேர் சும்மா இருப்பார்கள். மீதியில்தான் உனக்கு வேண்டிய ஆள் இருக்கிறார்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஐந்து பேர் குழு போதும். அதில் இரண்டு பேராவது கல்லூரிக்கு வெளியாளாக இருக்கட்டும். சமூகப் பணிக்கு 100 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: எத்தனை காலம் நீடித்தது 25, பயன் எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது 30, அவர் விலகினாலும் வேலை தொடருமா 25, சான்று 20. ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு முன்னால் வீட்டில் தனியாக மதிப்பெண் போட்டு, உறையில் ஒட்டி உன்னிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் பேசிவிட்டு அப்புறம் போடலாம் என்றால், வயதில் மூத்தவர் முதலில் வாய் திறப்பார், மற்ற நாலு பேரும் 'சார் சொல்வது சரிதான்' என்பார்கள். ஒருவருக்கு ஒருவர் முப்பது மதிப்பெண் வித்தியாசம் வந்தால் அந்தப் பெயரை மட்டும் விவாதியுங்கள். பெரும்பாலும் ஒருவருக்குத் தெரிந்த சேதி இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும். சொந்தக்காரர், செட்டு நண்பர் பெயர் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். 'நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்' என்பது செல்லாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் மறுத்துப் பேசுவது? குறிப்பேட்டில் வெளியே போன நேரமும் திரும்பி வந்த நேரமும் இருக்கட்டும்.

சரிபார்ப்பில் சோம்பல்படாதே. 'படித்தார்' வேறு, 'பட்டம் பெற்றார்' வேறு. இரண்டாம் ஆண்டில் டிசி வாங்கிப் போனவரும் முன்னாள் மாணவர்தானா என்பதை உங்கள் விதி இப்போதே சொல்ல வேண்டும், பெயர் வந்த பிறகு சொல்லக் கூடாது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று கேள். அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பட்டம் வழங்குகிற அமைப்புகள் ஊரில் நிறைய இருக்கின்றன. இன்னொன்று: பத்ம விருது பெற்றவர் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'பத்மஸ்ரீ' என்று அச்சிடாதே. அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களைத் தடை செய்கிறது. பத்ம விருதுகள் பட்டமல்ல, ஆனால் அவற்றைப் பெயரோடு ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. அறிமுகத்தில் 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று சொன்னால் போதும். தமிழ்நாட்டு அழைப்பிதழ்களில் பாதி இந்தத் தப்பைச் செய்கின்றன.

பணத்தில் ஒரே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற நம் செட்டுக்காரர்கள் 'அறக்கட்டளை வைக்கிறோம், சங்கத்தின் கணக்கு எண்ணை அனுப்பு' என்பார்கள். முதலில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் இருக்கிற கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். உள்ளூர்க் கணக்கில் நல்லெண்ணத்தோடு விழுந்தாலும் குற்றம் குற்றமே. உள்ளூர் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை ரசீது கொடுக்கிறீர்கள் என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. அசலைத் தொடாமல் வட்டியில் நடத்து: 10 லட்சம் 7 சதவீதத்தில் வருடம் 70,000 தரும். எட்டுக் கேடயத்தையும் பயணச் செலவையும் அதற்குள் அடக்கிக்கொள்ளப் பார்.

ரொக்கப் பரிசு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், 2023இல் தமிழக அரசு கொடுத்த 25 லட்சத்தைத் தான் படித்த நிறுவனங்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். கொடுக்க மனசிருக்கிறவரிடம் நாம் சின்னத் தொகையை நீட்டினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கல்லூரி முதல்வர் திடீரென்று அக்கறை காட்டினால் சந்தேகப்படாதே. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று மதிப்பெண் உண்டு. கூட்டக் குறிப்பும் கணக்கும் கேட்பார். ஒழுங்காக எழுதி ஒரு நகல் கொடுத்துவிடு.

பாராட்டுரைதான் பெரும்பாலும் பாழாகிற இடம். 'சமூகத்திற்கு அளப்பரிய சேவையாற்றி வரும் பண்பாளர்' என்ற வரியை எட்டுப் பேருக்கும் போடலாம், யாருக்கும் பொருந்தாது. இப்படி எழுதிப் பார்: 'ஊர்க் கண்மாயின் இரண்டு மதகுகளைச் சீரமைத்து, வரத்துக் கால்வாயில் மூன்று கிலோமீட்டருக்குச் சீமைக்கருவேலத்தை அகற்றி, பராமரிப்பை ஆயக்கட்டுதாரர்களிடமே ஒப்படைத்தவர்.' புகழ்கிற பெயரடை ஒன்றுகூட இல்லை, ஆனால் ஆள் கண்முன் நிற்கிறார். ஒருவருக்கு 100 சொல், அதற்கு மேல் போகாதே. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. எழுதியதை விருதாளருக்கே அனுப்பித் தகவலை மட்டும் சரிபார்க்கச் சொல். தன் வேலையை நாம் மிகைப்படுத்தியிருந்தால் நல்ல ஆள் அவரே அடித்து அனுப்பிவிடுவார். பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது, இனிஷியல் எது என்று அவர் கைப்பட எழுதி வாங்கு. 'வள்ளியம்மை'க்கு ஒரு ள் குறைந்தால் கேடயம் அலமாரிக்குள் போய்விடும். செதுக்குவதற்கு முன் கடைக்காரர் தரும் மாதிரித் தாளில் நீயும் இன்னொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுங்கள்.

மேடைக் கணக்கு இது: பாராட்டுரை ஒன்றரை நிமிடம், கேடயமும் போட்டோவும் ஒரு நிமிடம், ஏற்புரை மூன்று நிமிடம். எட்டுப் பேருக்கு 44 நிமிடம். மைக் பிடித்தவர்கள் மூன்று நிமிடத்தில் விடமாட்டார்கள், ஒரு மணி நேரம் வைத்துக்கொள். அதனால் சிறப்பு விருந்தினர் பேச்சை விருதுக்குப் பிறகு வை. முன்னால் வைத்தால் சாப்பாட்டு வாசனை வருகிற நேரத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் கடைசி இரண்டு பேர் கேடயம் வாங்குவார்கள். அந்தக் கடைசி இரண்டு பேர் பெரும்பாலும் சமூகப் பணிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். வரிசையையும் மாற்று, அவர்களை முதலில் கூப்பிடு. கேடயங்களின் அடியில் எண் ஒட்டி, அழைக்கும் வரிசையில் அடுக்கி, எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு ஆளை நிறுத்து. இரண்டு பேர் எடுத்துக் கொடுத்தால் ஒருவர் கேடயத்தோடு இன்னொருவர் போட்டோவில் நிற்பார். மேடைப் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று முந்தின நாளே போய்ப் பார். இல்லையென்றால் எழுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கீழே இறங்கி வந்து கொடுங்கள்.

பயணத்தைப் பற்றி ஒன்று. 'ரசீது கொடுங்கள், திருப்பித் தருகிறோம்' என்று எழுதாதே. கையிலிருந்து போட வசதியில்லாதவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிடுவார். டிக்கெட்டை நீயே எடுத்து அனுப்பு, கூட வருகிறவருக்கும் சேர்த்து.

படிவத்தின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவது கேள்வி கொஞ்சம் நீளம், நீ வெட்டிக்கொள். 1970களின் பதிவேடு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறதா, கரையான் தின்றுவிட்டதா என்று இந்த வாரமே போய்ப் பார்த்து எழுது. போயிருந்தால் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும், அங்கே மாதக்கணக்கில் இழுக்கும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்