உபிர் பாறையடியில் உதவிய பஸ் டிரைவர் அம்மாவுக்கு

வட ஆஸ்திரேலியாவின் ககாடு தேசியப் பூங்காவில், உபிர் பாறை ஓவியங்களைப் பார்க்க அப்பாவைக் கூட்டிப் போயிருந்தோம். அக்டோபர் வெயில். முதன்மை ஓவியக் கூடமான பாறைக் குடைவை நெருங்கும்போதே அவருக்குத் தலை சுற்றி, முகம் வெளுத்துவிட்டது.

சுற்றுலாக் குழுவை அழைத்து வந்திருந்த நீங்கள், யாரும் கூப்பிடாமலே ஓடி வந்தீர்கள். பாறை நிழலில் அவரைச் சாய்த்து, ஷூவைக் கழற்றி, உங்கள் கழுத்துத் துண்டை நனைத்துப் பிடரியில் வைத்தீர்கள். தண்ணீரில் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலந்து, மடமடவென்று குடிக்க விடாமல் மடக்கு மடக்காகக் கொடுத்தீர்கள். எங்கள் பதற்றத்தைத் தணிக்கவோ என்னவோ, மேலே இருந்த மீன் ஓவியத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தீர்கள். முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் தெரிய, அந்தப் பகுதிப் பழங்குடியினரான பினிஞ் மக்கள் வரைந்த எக்ஸ்ரே பாணி ஓவியம். அப்பா ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். "பாரமுண்டியா?" என்று, நம் கொடுவா மீனின் ஆங்கிலப் பெயரைச் சொல்லி மெல்லக் கேட்டார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம், முதுகில் வரிகள் கொண்ட, வயிற்றில் பையுள்ள தாஸ்மேனியப் புலி என்ற விலங்கின் ஓவியத்தைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தது தனிக் கதை! ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்த விலங்கு அழிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன, விடுவாரா மனிதர்? அதையும் காட்டிவிட்டு, கார் வரை கைத்தாங்கலாக அழைத்து வந்தீர்கள். பெயர் கேட்பதற்குள் உங்கள் பஸ் கிளம்பிவிட்டது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. டார்வின் நகரில் இருக்கும் நம்மவர்களே, நரைத்த பின்னலும் பெரிய சிரிப்புமாக பஸ் ஓட்டும் இந்த அம்மாவைத் தெரிந்தால், இதைப் படித்துச் சொல்லுங்கள். அப்பா நலமாக இருக்கிறார். ரொம்ப நன்றி, அம்மா.