ஸ்டெல்லன்போஷிலிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளே,

அங்கே தென்னாப்பிரிக்காவில் கடைக்காரர் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கேட்டால் இன்னமும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். புளூம்ஃபொன்டைனில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தபோது எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

வினைச்சொல்லுக்கு அஞ்சாதே. 1652-இல் கேப் பகுதிக்கு வந்த டச்சு மொழியை அங்கே முன்பே வாழ்ந்த கொய்கொய் மக்களும், சோழமண்டலக் கரை உட்பட ஆசியாவின் பல கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் பேசிப் பேசி, அதன் விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்து ஆஃப்ரிகான்ஸ் உருவானது. 'லூப்' என்றால் நட. நான், நீ, அவர்கள் யாரானாலும் நிகழ்காலத்தில் 'லூப்'தான். நடந்தேன் என்பதற்கு 'எக் ஹெட் கெலூப்'. அந்தக் 'கெ' தொண்டையை உரசிக்கொண்டு வரவேண்டும். பெயர்ச்சொற்களுக்குப் பால் வேறுபாடும் இல்லை.

சிக்கல் எதிர்மறையில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ரொட்டிக் கடையில் ஒரு முதியவர் என்னிடம் 'நீ', 'நீ' என்று இரண்டு முறை சொல்ல, முன்பின் தெரியாதவரை ஒருமையில் பேசுகிறாரே என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லை என்பதற்கான சொல்லே அது என்று பிறகுதான் தெரிந்தது. 'எக் ப்ராட் நீ ஆஃப்ரிகான்ஸ் நீ', அதாவது நான் ஆஃப்ரிகான்ஸ் பேசுவதில்லை என்னும் வாக்கியத்தில், வினைக்குப் பின் ஒரு 'நீ' வந்தும் போதாமல், கடைசியில் இன்னொன்று வந்து கதவைச் சாத்துகிறது. எழுவாயும் ஒற்றை வினையும் மட்டுமே இருந்தால் ஒன்று போதும்: 'எக் வேட் நீ', எனக்குத் தெரியாது. கடைசி 'நீ'யை நான் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன், நீயும் விழுங்குவாய்.

ஒம்டாட், அதாவது 'ஏனென்றால்', என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும்: 'ஒம்டாட் எக் சீக் இஸ்', நான் நோயுற்றிருப்பதால். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்த நீ தடுமாற வேண்டியதில்லை.

இன்னொன்று. 'யெய்' என்பது நம் நீ. பெரியவர்களிடம் அது கூடாது. நீங்கள் என்பதற்கு 'யூ' உண்டு, ஆனால் வீட்டுப் பேச்சில் முறைப்பெயரே அந்த வேலையைச் செய்துவிடும். 'வில் மா டீ ஹே?' என்று தாயிடமே கேட்பார்கள். அம்மாவுக்குத் தேநீர் வேண்டுமா என்று நாம் கேட்பதில்லையா, அதேதான். உறவில்லாத முதியவர் 'ஊம்', மூதாட்டி 'டானி'. உன் வீட்டுக்கார அம்மையாரை நாளைக் காலையில் டானி என்று அழைத்து, அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா