பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொள்முதல், பட்டுவாடா, தீவன விற்பனை ஆகியவற்றின் கணக்குகள் தணிக்கை அறிக்கையோடு தனியே வழங்கப்பட்டுள்ளதால் அவற்றை இங்கு மீண்டும் வாசிக்கவில்லை. நம் சங்கம் ஊருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை இவ்வாண்டு இருமுறை எதிர்கொண்டோம். அதைப் பற்றியே கூறுகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றைவிட, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பகுதியைச் சூழ்ந்ததே நமக்குப் பெருந்துன்பமானது. மின்சாரம் நின்றது, பால் வண்டி வரும் சாலையும் மூழ்கியது. கறந்த பாலை 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்காவிட்டால் என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாலைக் காய்ச்சி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்குக் கொடுத்தோம். பலரும் பாராட்டினார்கள், ஆனால் விற்க வழியில்லாத பாலைக் கொடுத்ததில் பெருமை கொள்ள அதிகமில்லை என்பது என் கருத்து. வைக்கோல் போர் அழுகிப்போன உறுப்பினர்களுக்குத் தீவனத்தைக் கடனாக வழங்கி, பால் பணத்திலிருந்து அதற்கான பிடித்தத்தை மாடு மீண்டும் பழைய அளவு கறக்கும்வரை தள்ளிவைத்ததும், கடன் தர விதியில் இடமில்லாத மற்ற வீட்டாருக்கும் உறுப்பினர் விலையிலேயே தீவனம் கொடுத்ததும்தான் சங்கம் தன் கையிலிருந்து செலவழித்துச் செய்தவை.

இரண்டாவது, நம்மீதே வந்த புகார். குளிர்விப்பானையும் கேன்களையும் கழுவிய நீர் பின்தெருச் சாக்கடையில் தேங்கி, பால் புளித்து நாறுவதாக அத்தெருவினர் எழுதிக் கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் மாடு வைத்திருப்பவர்கள் அல்லர். ஊராட்சி சாக்கடையைத் தூர்வாரினால் சரியாகிவிடும் என்று நான் முதலில் பதிலளித்தேன்; அது தவறான பதில். அழுக்கு நம்முடையது.

1995இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு, சமுதாயத்தின்மீது அக்கறை கொள்வதைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான ஏழாவது கோட்பாடாகச் சேர்த்தபோது, உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட கொள்கைகளின் வழியாகவே அதைச் செய்ய வேண்டும் என்றும் கூறியது. 2025ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததற்கான சுவரொட்டி நம் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே கட்டடத்தின் பின்புறம்தான் அந்தச் சாக்கடை. பள்ளி விழாவுக்குப் பரிசளிக்கச் செயலாளரின் கையெழுத்தே போதும். நம் தொழிலால் அண்டை வீட்டுக்கு வரும் தொல்லையை நீக்கவோ உறுப்பினர்களின் பங்கில் கைவைக்க வேண்டியிருப்பதால், அதைப் பேரவைதான் முடிவு செய்ய வேண்டும்.

பால் கலந்த முதல் அலசல் நீரைத் தனியே பிடித்து மாடுகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டோம். சோடா கலந்த கழுவுநீருக்கு அது உதவாது. அதன் காரத்தன்மையைப் போக்க ஒரு தொட்டியும், குடிநீர்க் கிணற்றுக்கு எட்டத்தில் ஓர் உறிஞ்சுகுழியும் தேவை. சட்டப்படி ஒதுக்க வேண்டிய சேமநிதியும் கூட்டுறவுக் கல்வி நிதியும் போக எஞ்சும் லாபத்திலிருந்து இச்செலவை ஏற்கும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். இதனால் இவ்வாண்டு போனஸ் குறையும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே தெரிவித்துக்கொள்கிறேன். பின்தெருவினர் இருவரைப் பார்வையாளராக அழைத்திருக்கிறோம். விவாதத்தின்போது அவர்களும் பேசத் தலைவர் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்