டீச்சர் விஷயமாக

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முட்டி வலிக்கு அந்தத் தைலம் கேட்டதா, மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்று எழுது. மற்ற விசாரிப்பெல்லாம் நேரில்.

கணக்கு டீச்சர் விஷயம் உன் காதுக்கும் வந்துவிட்டது என்று குரூப்பில் நீ போட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். “நமக்கே லாகரிதம் சொல்லிக் கொடுத்தவங்க, எவனோ போன்ல மிரட்டினான்னு பணத்தைத் தூக்கிக் கொடுப்பாங்களா?” என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே நம் செட்டு மொத்தமும் சிரிப்பு பொம்மை. எனக்கு மனசு ஆறவில்லைடி. நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். நாக்கு முந்திக்கொள்ளும், மனசு பின்னால் வரும், ஹாஸ்டல் காலத்திலிருந்தே நீ அப்படித்தான். ஆனால் இந்த விஷயத்தில் அந்தச் சிரிப்பு என்ன கெடுதல் செய்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். அதனால்தான் குரூப்பில் பதில் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். முதலில் வந்தது ஒரு பதிவு செய்த குரல். தொலைபேசி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ட்ராயிலிருந்து பேசுகிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும். அழுத்தினார். ஒருவன் ரொம்ப மரியாதையாகப் பேசினானாம். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் யாரோ சிம் வாங்கியிருக்கிறார்கள், அந்த எண்ணின் மேல் ஏகப்பட்ட புகார், நீங்களே போலீஸிடம் சொல்லிவிடுங்கள், லைன் கொடுக்கிறேன் என்று. ஆதாரின் கடைசி நாலு எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறான். “அங்கதாம்மா நான் நம்பிட்டேன்” என்றார் டீச்சர். அந்த நாலு எண்ணை எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை லாட்ஜில், எத்தனை சிம் கடையில் நாமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்!

அப்புறம் வாட்ஸ்அப்பில் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜை மேல் ஃபைல்கள். அரசு முத்திரையோடு ஒரு கைது உத்தரவு, அதில் டீச்சரின் முழுப் பெயர். “உங்க வயசைப் பார்த்துத்தான் வீட்டுக்கு ஜீப் அனுப்பாம வீடியோவுல விசாரிக்கிறோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அவங்களும் கேஸ்ல வந்துடுவாங்க.”

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ராத்திரி முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை ‘நான் வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று மெசேஜ் போட வேண்டும். நடுவில் மகன் கூப்பிட்டபோது, தலைவலி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். எதற்கு? மகன் மேல் கேஸ் வந்துவிடக் கூடாதே என்று. விடிந்ததும், உங்கள் பணம் நேர்மையான பணம்தானா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்கும், முடிந்ததும் திரும்பி வரும் என்று ஒரு கணக்கு எண் கொடுத்தார்கள். பேங்க்குக்குப் போகும்போதும் போன் கைப்பைக்குள் லைனிலேயே இருந்தது. எஃப்.டி.யை எதற்கு க்ளோஸ் செய்கிறீர்கள் என்று கேட்டால் சொந்தக்காரர் வீடு வாங்குகிறார் என்று சொல்லும்படி சொல்லிக் கொடுத்திருந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்கவும் கேட்டாள். டீச்சர் அப்படியே சொன்னார். ஒன்பது லட்சம் போனது.

இதில் படிப்பு எங்கேயடி வருகிறது? வாழ்நாள் முழுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிக்காதவர், வருமான வரியை ஒரு நாள் தள்ளிக் கட்டாதவர். அப்படிப்பட்டவருக்குத்தான் ‘கேஸ்’ என்ற சொல்லே குலை நடுங்க வைக்கும். பத்து கேஸ் பார்த்தவன் “வந்து பிடிச்சுக்கோ” என்று போனை வைத்துவிட்டுப் போவான். டீச்சரின் நாணயத்தைத்தான் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள்.

இப்படி வீடியோவிலேயே கைது என்று மிரட்டி உட்கார வைப்பதற்கு டிஜிட்டல் அரெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். கைது என்றால் போலீஸ் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்திலோ நட்பிலோ ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். பெண்ணாக இருந்தால், சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை, விசேஷக் காரணம் இருந்து மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் போலீஸ் வந்தாலொழியக் கைது செய்ய முடியாது. நம்மைச் சேர்ந்தவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். யாரிடமும் சொல்லாதே என்கிறான் அவன். அந்த ஒரு பேச்சிலேயே வந்தவன் யார் என்று தெரிந்துவிடுகிறது.

இத்தனை வருஷம் பேங்க்கில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எல்லா மோசடியிலும் இதுதான் நடு நரம்பு. மந்தையிலிருந்து ஓர் ஆட்டைப் பிரிப்பது போல முதலில் ஆளைத் தனியாக்குகிறான். மின்வாரியம் என்பான், கூரியர் என்பான், “உங்க மகன் ஆக்சிடென்ட் பண்ணிட்டான், இங்க ஸ்டேஷன்ல இருக்கான்” என்பான். இப்போது மகன் குரலையே போலியாகச் செய்துகூடப் பேச வைக்கிறார்கள். எதுவானாலும் அவசரம், பயம், யாரிடமும் சொல்லாதே. போனை வைத்துவிட்டு, மகனின் பழைய நம்பருக்கு நாமே கூப்பிட்டால் முடிந்தது கதை. பேங்க்கிலிருந்து என்று யாராவது பேசினாலும் அதேதான். வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நீ கூப்பிடு. கூகுளில் தேடி வரும் கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் நம்பாதே. அதில் பாதிக்கு மேல் இவர்களே போட்டு வைத்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

உன் வீட்டு அண்ணனை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வருகிற லிங்க்கை எல்லாம் தட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பேங்க் கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஃபைலின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, அபராதமும் இல்லை. போனுக்குள் இறங்கி, வருகிற எஸ்எம்எஸ்ஸைப் படித்து, ஓடிபியைத் தானே எடுத்துக்கொள்ளும் ஆப் அது. ஓடிபியை யாரிடமும் சொல்லவே இல்லையே என்று அழுகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். பழைய சோபாவை ஆன்லைனில் விற்கிறேன் என்றாராமே, அங்கேயும் கவனம். பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின்னைப் போடுங்கள் என்பான். பணம் வாங்குவதற்கு அந்த யுபிஐ பின் நம்பரே வேண்டாம். அதைப் போட்டால் போவது நம் பணம். இதை மட்டும் ஒரு துண்டுத்தாளில் பெரிதாக எழுதி அவர் போன் கவரில் செருகிவிடு.

மெயிலுக்கும் ஒரு வார்த்தை. அனுப்பியவர் பெயரைப் பார்க்காதே, பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் தட்டி முகவரியைப் பார். லிங்க் என்றால், https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வா, முடிவில் வேறு ஏதோ பெயர் இருந்து, பேங்க்கின் பெயர் நடுவில் எங்கேயாவது ஒட்டியிருந்தால் ஏமாற்று. நம் நாட்டு பேங்க்குகள் எல்லாம் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது இதற்காகத்தான்.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஏமாந்தது டீச்சருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. வீடியோவில் இருந்தவன் காணாமல் போனான், போன் எடுக்கவில்லை. தெரிந்தும் மறுநாள் மத்தியானம்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. “பசங்க என்னைத் திட்டுவாங்க, ஊர் சிரிக்கும்” என்றார். அந்த நேரத்தில்தான் பணம் கைவிட்டுப் போனது.

எப்படி என்று கேள். பணம் முதலில் விழுவது வாடகைக் கணக்கில். கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்த ஏதோ ஒரு பையனின் கணக்கு. அங்கிருந்து சில நிமிஷங்களில் பல கணக்குகளுக்குப் பிரியும். கொஞ்சம் ஏடிஎம்மில் ரொக்கமாகப் போகும், கொஞ்சம் கிரிப்டோவாகிவிடும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டால் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண் என்ன என்று கேட்பார்கள். உடனே அந்த பேங்க்குக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சம் இருக்கிற பணத்தை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் அடுத்த பேங்க்குக்குப் போயிருந்தால் அங்கேயும் தகவல் போகும். அதாவது ஓடுகிற பணத்தைத் துரத்துவது. சீக்கிரம் கூப்பிட்டவருக்கு மிச்சம் கிடைக்கிறது, வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவருக்கு வெறும் கணக்கு எண்கள்தான் கிடைக்கின்றன. டீச்சருக்கு ஒன்றே முக்கால் லட்சம்தான் நிறுத்தி வைக்க முடிந்தது. அதை விடுவிக்கவும் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது, மகன் அலைந்துகொண்டிருக்கிறான்.

விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் என்ன செய்வது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது. அதன்படி, தப்பு நம் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை என்றால், பணம் போனதாக பேங்க்கிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நாமே சொல்லித் தொலைத்திருந்தாலும், பேங்க்குக்குச் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணம் பேங்க்கின் பொறுப்பு, அதற்கு முன் போனதுதான் நம் தலையில். டீச்சர் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதால் இது அவருக்கு உதவவில்லை. ஆனால் பார், எல்லாமே சொன்ன நேரத்தை வைத்துத்தான்.

அப்படியிருக்க, ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரித்தால் என்ன ஆகும்? அந்தக் குரூப்பில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்திக்கு இதே நடந்தால், உன் கிண்டலையும் அந்தச் சிரிப்பு பொம்மைகளையும்தான் முதலில் நினைப்பாள். நினைத்து, வாயை மூடிக்கொள்வாள். திருடனுக்கு அதைவிட வேறு என்ன உதவி வேண்டும்?

உன் சின்னவன் காலேஜில் இருக்கிறானே, அவனிடம் கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடாதே என்று கண்டிப்பாகச் சொல். போலீஸ் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று உன் நாத்தனார் மகன் குதித்தானே, அதையும் நன்றாக விசாரிக்கச் சொல். 2022-இல் அப்படிப் போனவர்களைத்தான் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்து, மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் இருந்தார்கள், மீட்டுக் கூட்டி வந்தார்கள். டீச்சரை மிரட்டிய குரல்கூட அப்படி அடைபட்ட யாரோ ஒருவனுடையதாக இருக்குமோ என்று தோன்றும்போது, யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் போகிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன வாரம் டீச்சருக்கு மறுபடியும் போன். நாங்கள் சைபர் வக்கீல்கள், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணமாகக் கொஞ்சம் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் நம்பரை இவர்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள், பாவிகள். இந்தத் தடவை டீச்சர் போனை வைத்த கையோடு என்னைக் கூப்பிட்டார். “நீ திட்ட மாட்டேன்னு தெரியும், அதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், கோர்ட்டுக்கான தாள்களை ஒழுங்குபடுத்த வேண்டும். நீயும் வா. குரூப்பில் போட்டதை முதலில் அழித்துவிட்டு வா. அங்கே வந்து எவ்வளவு போச்சு, எப்படிப் போச்சு என்று ஆரம்பிக்காதே, அவர் தானாகச் சொன்னால் கேள். பஸ் ஏறியதும் போன் பண்ணு, ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன்.

உன்
ஒட்டடைக்குச்சி

பி.கு. வார்டன் பூனையோடு நாம் எடுத்த போட்டோ உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சாதிக்காதே. கொண்டு வா, டீச்சர் பார்க்க வேண்டுமாம்.