கதைக்குக் கீழே நீதி வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செய்தியையும் சிறுவர் கதையையும் ஒரே மாதிரி வாசிக்கும் பழக்கம் எங்களைப் போன்ற மாணவர்களிடம் இருக்கிறது. இரண்டின் கட்டமைப்பே வேறு. செய்தியில் யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். 'ஏன்', 'எப்படி' என்பவை பெரும்பாலும் கீழே, நான்காவது ஐந்தாவது பத்தியில்தான் கிடக்கும். தலைப்போடு நிறுத்துபவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான். 'கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது' என்று முடியும் வாக்கியங்களைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அவை இன்னும் உறுதியாகாதவை. 'என்றார்' என முடிந்தால், சொன்னவர் யார் என்று மேலே தேட வேண்டும்.

கதையில் முடிச்சு கடைசியில்தான் அவிழும். கடினச் சொல் வரும்போதெல்லாம் அகராதியைப் புரட்டினால் ஓட்டம் அறுந்துபோகும். கோடிட்டுவிட்டுத் தொடர்ந்து படித்தால், முடிப்பதற்குள் பல சொற்கள் தாமாகவே விளங்கியிருக்கும். இதைவிடக் கெடுதல், படித்து முடித்த கையோடு 'இதிலிருந்து என்ன கற்றாய்?' என்று கேட்பது. பிள்ளை கதையை விட்டுவிட்டுப் பதிலைத் தேடத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, ஓர் ஆட்டுக்குட்டிக் கதை என்றால், 'ஆட்டுக்குட்டி ஏன் திரும்பி வந்தது?' என்று கேட்டால், மறுபடி பக்கத்தைப் புரட்டும்.

சிறுவர் பக்கத்தில் கதைக்குக் கீழே நீதி அச்சிடுவதை விட்டு, அந்த இடத்தில் நாளும் இடமும் குறித்த ஒரு சிறு செய்தியை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவி